நயினாதீவில் எனக்குக் கண் கிடைத்த கதை

நான் பிறவியிலேயே கண் தெரியாதவள் என்றும், ஒரு வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மன் எனக்குப் பார்வை கொடுத்தார் என்றும் நம்புகிற சனம் இன்றைக்கும் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிறது. அவர்களில் சிலர் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் படங்கள் அவர்களின் வீட்டு அல்பங்களிலேயே இருக்கின்றன. அவற்றில் நான் சோடாப் போத்தலின் அடிப்பாகம் போலக் கண்ணாடி போட்டுக்கொண்டு கமெராவை நேராகப் பார்க்கிறேன். அதெல்லாம் கணக்கில் இல்லை. கைத்தொலைபேசியில் வீடியோ வந்துவிட்டது, ஆகவே அது உண்மை. (வீடியோவில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மூக்கால் ஓட அழுகிறது நான்தான். அதை மட்டும் மறுக்க ஏலாது.)

எனக்குக் கண் கொடுத்தது கொழும்பில் இருக்கும் ஒரு லேசர் இயந்திரம். அதற்குள் நான் தலையைக் கொடுத்த காரணத்தைச் சொல்வதற்கு நெடுந்தீவிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் வேலணைத் தீவில் சரவணை என்ற ஊர். என் அக்கா கலியாணம் செய்து போனது நெடுந்தீவுக்கு. அவளுக்குப் பிள்ளை பிறக்கிற நாள் நெருங்கியபோது அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போய் அங்கே நின்றோம். போன இடத்தில் காற்றுக் கிளம்பிக் கடல் அடிக்கத் தொடங்கியது. படகுகளை நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு நோவு கண்டது. ஒப்பரேசன் செய்யாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அங்கிருந்த வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் எங்கெங்கோ ரெலிபோன் எடுத்து, கடைசியில் விமானப்படையின் ஹெலிகொப்டர் ஒன்று வந்தது.

மைதானத்தில் அது இறங்கியபோது அப்பாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், பக்கத்துக் கல்மதிலுக்குப் பின்னால் முகம் மண்ணில் படக் குப்புறக் கிடக்கிறார். அவராக விழவில்லை. சத்தம் கேட்டதும் உடம்பு தன்பாட்டில் விழுந்துவிட்டது. அப்பாவின் இளமைக் காலத்தில், சண்டை நடந்தபோது, வானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும், பங்கர் இல்லையென்றால் விழுந்து படுக்க வேண்டும். அவர் எழும்பி, சட்டையில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது அக்காவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விமானி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். இரண்டு பேரும் சுகம்.

எனக்கோ அந்தக் கை மனத்தை விட்டுப் போகவில்லை. இனி நான் இருக்க வேண்டியது அந்த இருக்கையில்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

விசாரித்தேன். விமானப்படையில் பெண்களையும் எடுக்கிறார்களாம். எனக்கிருந்த படிப்பே காணும், அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்கு இடமில்லை. லேசர் செய்து சில மாதம் போனபிறகு கண் நன்றாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கனடாவில் இருக்கும் சித்தி, "செலவை நான் பாக்கிறன், நீ பிளேனை ஓட்டு" என்றார். மிச்சம் அப்பாதான்.

"பிளேன் சத்தத்துக்கு ஓடி ஓடியே என்ர வயசு போச்சு," என்றார் அப்பா. "நீ இப்ப அதுக்குள்ளயே ஏறப் போறன் எண்டுறாய். ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனியே?"

"அக்காவை ஏத்தினதும் அதுதானே அப்பா."

அப்பா தோட்டத்தில் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போனாரே தவிர, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஓம் என்று சொல்லாமல் கண் மட்டும் சரிவந்து என்ன பிரயோசனம் என்று எத்தனையோ தரம் யோசித்தேன். (யோசித்தேனே ஒழிய லேசருக்கு நாள் குறித்துவிட்டேன். அந்த வயதில் யோசனை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.)

ஊரைச் சமாளிக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். "ஆரும் கேட்டா, கண்ணில சின்னச் சுகமில்லை, கொழும்புக்குக் காட்டப் போறம் எண்டு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்." அம்மா இதை முதலில் சொன்னது பக்கத்து வீட்டுத் தவமணி மாமியிடம். அம்மா செய்த பிழை அதுதான். தவமணி மாமி தங்கமான மனிசி. எங்கள் வீட்டில் தலையிடி என்றாலும் முதல் ஓடிவருவது அவர்தான். ஆனால் ஒரு செய்தி அவர் வாயால் போனால் போகிற வழியில் கொஞ்சம் வளர்ந்துதான் போய்ச் சேரும். எங்கள் ஒழுங்கை முடிவதற்குள் என் கண்ணில் பூ விழுந்திருந்தது. சந்தியில் ஒரு கண் போய்விட்டது. நாங்கள் கொழும்பு பஸ் ஏறியபோது இரண்டும் இல்லை.

லேசர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்க வைத்து, இமையை மூட முடியாமல் கொளுவி, சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். தலைமயிர் கருகுவதுபோல ஒரு மணம் வந்தது. நான் பயத்தில் தேவாரம் முணுமுணுக்க, வைத்தியர், "தங்கச்சி, கடவுளை மனசுக்குள்ள கும்பிடுங்கோ, தலை ஆடுது" என்றார். பாட்டு ஒன்று முடிவதற்குள் வேலை முடிந்தது. பிறகுதான் கண்டிப்பு.

"கண்ணுக்குள்ள தூசி, புகை, தண்ணி ஒண்டும் படக்கூடாது. கறுப்புக் கண்ணாடி போடுங்கோ. முக்கியமா, என்ன நடந்தாலும் கண்ணைக் கசக்கக்கூடாது. கசக்கினா மேல மூடியிருக்கிற மெல்லிசுத் தோல் இடம் மாறிப் போடும். அதோட பைலட்டையும் மறக்க வேண்டியதுதான்."

அடுத்த நாள் விடிய எழும்பிக் கண்ணைத் திறந்தேன். எதிர்ச் சுவர்மணிக்கூட்டின் முள் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல்! நொடிமுள் ஓடுவதுகூடத் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா வைத்தியசாலையில் கொடுத்த தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அழுறதைப் பற்றி ஒண்டும் போடேல்லை, கொஞ்சமா அழு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அம்மா விசயத்தைச் சொன்னார். நேர்த்தி வைத்திருக்கிறாராம். கண் சரிவந்தால் எங்கள் வீட்டுப் படியை மிதிக்க முன்னம் நயினாதீவு அம்மனின் படியை மிதித்து, கண்மலர் சாத்துவதாக. கண்மலர் என்றால் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு சோடிக் கண். கண்ணில் வருத்தம் வந்தவர்கள் அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. நகைக்கடையில் வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்தும் வைத்திருந்தார்.

"அம்மா, கடல், காத்து, கற்பூரப் புகை… டொக்டர் சொன்னவரெல்லே?"

"டொக்டர் சொன்னதை டொக்டரிட்டைச் செய்வம். அம்மனுக்குச் சொன்னதை அம்மனிட்டைச் செய்ய வேணும்."

அம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகாட்டுவானில் இறங்கினால் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். என் கண்ணை ஒரு பார்வை பார்த்தார். "நோகுதே?" என்றார். "இல்லை அப்பா" என்றேன். அவ்வளவுதான் கதை. வெள்ளிக்கிழமை என்றபடியால் இறங்குதுறை நிறையச் சனம். காற்றும் இருந்தது, படகின் விளிம்பில் அலை அடித்துத் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கணம் கடலைப் பார்த்தார், ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பறித்து என் தலையில் கவிழ்த்து, அதன் முன்கண்ணாடியை இழுத்து மூடிவிட்டார்.

பாவாடை தாவணி, தலையில் பூ, அதற்கு மேலே கறுப்பு ஹெல்மெட். என் விமானிக் கனவு பாதி அன்றைக்கே நிறைவேறியது.

"தங்கச்சி," என்றார் படகுக்காரர், "இது வள்ளம், மோட்டச்சைக்கிள் இல்லை."

உள்ளே போய் இருந்தால், எதிர்ப் பலகையில் தவமணி மாமி! என்னைக் கண்டதும் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எடி பிள்ளை, என்னைத் தெரியுதே?"

"தெரியுது மாமி."

"பாத்தியளே, குரலை வைச்சே பிடிச்சிட்டாள்!"

"இல்லை மாமி, வடிவாத் தெரியுது. நீலச் சீலை கட்டியிருக்கிறியள்."

மாமி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக (அதாவது படகின் பின்பக்கம் வரைக்கும் கேட்கும்படி), "தாய் சொல்லிக் குடுத்திருக்கிறா, பாவம்" என்றார்.

இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டேன். வெயில் கூசியதால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா ஒரு கையைப் பிடித்தார். கேட்காமலே மாமி மற்றக் கையைப் பிடித்தார். முன்னால் தட்டத்தில் வெள்ளிக் கண்கள். பின்னால் ஹெல்மெட்டை அணைத்தபடி அப்பா. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? சனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. "இந்த வயசில இப்பிடியோ" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். நான் கையை உதறிப் பார்த்தேன், இரண்டு பேரும் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

கண்மலரைக் கொடுத்து, கும்பிட்டு, கற்பூரப் புகைக்குத் தப்பி வெளி மண்டபத்துக்கு வந்துவிட்டேன். பிழைத்தேன் என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அப்போதுதான் மாமி எதிரில் வந்தார். மாமிக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. வயிற்றுக்குத்து, பயந்த காய்ச்சல், கண்ணூறு எதுவானாலும் விபூதியை உள்ளங்கையில் வைத்து மந்திரம் சொல்லி நோவுள்ள இடத்தில் ஊதுவார். எங்கள் ஒழுங்கையில் அந்த ஊதல் படாமல் வளர்ந்த பிள்ளை இல்லை.

"பிள்ளை, இஞ்சை பார்" என்றார் மாமி. நான் பார்த்தேன். ஃபூ!

ஒரு கை விபூதி. இரண்டு கண்ணுக்கும்.

நெருப்பு! உலகமே வெள்ளையாகப் போய்விட்டது. கை இரண்டும் தன்பாட்டில் கண்ணைக் கசக்கப் பறந்தன. "கசக்கினா பைலட்டை மறக்க வேண்டியதுதான்." கையை நம்ப ஏலாது என்று தெரிந்தது. அதனால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் ஆறாக ஓடுகிறது, கை உச்சியில், உடம்பு நடுங்குகிறது, வாய் குளறுகிறது. சுற்றிச் சனம் கூடிவிட்டது.

"அம்மன் உரு வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

அம்மா கைப்பையைக் கொட்டி, கொழும்பில் தந்த கண் மருந்துப் போத்தலை எடுத்து, என் தலையைச் சரித்து, முழுவதையும் இரண்டு கண்ணிலும் ஊற்றினார். விபூதி கரைந்து கன்னத்தில் வழிந்தது. மெல்லக் கண்ணைச் சிமிட்டினேன். எல்லாம் மங்கல். போச்சு, எல்லாம் போச்சு, இனி ஹெலிகொப்டரும் இல்லை ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். இன்னொருதரம் சிமிட்டினேன். எதிர்ச் சுவரில் திருப்பணிக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் பொறித்த கல் தெரிந்தது. மேலே பெரிய எழுத்து, போகப் போகச் சின்ன எழுத்து. கண் வைத்தியரிடம் இருக்கிற பலகை மாதிரியே!

ஒரு கண்ணைத் தொடாமல் கையால் மறைத்துக்கொண்டு மேலிருந்து தொடங்கினேன். மனத்துக்குள் வாசித்திருக்கலாம். ஆனால் என் ஆயுளில் செய்த கண் பரிசோதனை எல்லாம் உரத்து வாசித்துத்தான் பழக்கம்.

"இராசகோபுரத் திருப்பணி… தெரியுது! செல்லத்துரை குடும்பம், சுவிஸ்… தெரியுது! நாகேசு குடும்பம், கனடா… தெரியுது அம்மா! கீழ் வரியும் தெரியுது! எல்லாம் தெரியுது!"

"அரோகரா!"

மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தி என் காலில் விழுந்தாள். ஒருவர் தன் தாயின் கண்ணை ஒருக்கால் தொடும்படி கேட்டார். ஒரு பள்ளிக்கூடப் பெட்டை தன் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு எப்படி வரும் என்று காதுக்குள் கேட்டாள். எல்லோர் கையிலும் போன். மாமியின் முன்னால் விபூதி ஊதுவதற்கு வரிசையே நின்றது. மாமி ஆனந்தக் கண்ணீரோடு ஊதிக்கொண்டே இருந்தார். "குருடில்லை, லேசர்!" என்று நான் கத்தியது ஒருவருக்கும் ஏறவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏன் லேசர் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இவ்வளவு நாளும் மூடி வைத்தது அவ்வளவு ஊருக்கும் நடுவில் உடையும்.

அப்போது அப்பா ஹெல்மெட்டோடு நடுவில் வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார். அப்பா சத்தம் போட்டுக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. "இவள் என்ர இளையவள். இவளுக்குக் கண் தெரியாமல் இருக்கேல்லை. கண்ணாடி போட்டவள், கொழும்பில வெட்டித் திருத்தினது. ஏனெண்டா, விமானப்படையில ஹெலி ஓட்டப் போறாள்."

மாமி ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"படையிலையோ?" என்றார் ஒருவர். "எங்கட பிள்ளையோ அண்ணை?"

"ஓம், படையிலதான். உங்களுக்கு என்ன தோன்றுமெண்டு எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தோன்றினது. ஹெலிச் சத்தம் கேட்டா நான் இப்பவும் குப்புற விழுறன். விழுந்து கிடக்கேக்கதான் என்ர மூத்தவளை அதில ஏத்தினவங்கள். அவளும் பேத்தியும் இண்டைக்கு உயிரோட இருக்கினம்." அப்பா ஹெல்மெட்டை மற்றக் கைக்கு மாற்றினார். "அதுக்குள்ள இருக்கிறது என்ர பிள்ளை எண்டு தெரிஞ்சா, நான் ஏன் விழுறன்?"

எங்கட பிள்ளையோ என்று கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் வீட்டில் என்ன நடந்ததோ. பிறகு கூட்டத்திலிருந்து நெடுந்தீவுக்காரி ஒருத்தி, கையில் அர்ச்சனைத் தட்டத்தோடு முன்னுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப, கடல் அடிக்கேக்க எங்களையும் வந்து ஏத்துவியோ பிள்ளை?"

"ஏத்துவன் அக்கா" என்றேன். அப்பா எல்லோருக்கும் முன்னால் ஓம் என்று சொல்லிவிட்டார். விபூதி ஊதிய தவமணி மாமிக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருப்பது அதற்காகத்தான். அந்த ஊதல் இல்லாவிட்டால் அப்பா அந்தச் சொல்லை வெங்காயத் தறையிலேயே புதைத்திருப்பார். (மாமி நன்றியை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் கண் வந்தது தன் ஊதலால்தான் என்பதில் இன்னும் உறுதி.)

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் போய், உடற்தகுதிச் சோதனைக்கு அழைப்பு வந்தது. என்னைக் கூட்டிப்போனது அப்பா. முகாம் வாசலில் மரத்தடியில் சீருடைக்காரர் நடுவே, அவர்கள் கொடுத்த தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி விறைத்துப்போய் இருந்தார். தலைக்கு மேலே ஏதாவது பறந்தால் கோப்பை ஆடியது. ஆள் அசையவில்லை.

உள்ளே என் கண்ணைச் சோதித்த அதிகாரி, "மிக நல்ல கண்" என்றார். எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அடுத்த அறையில் அந்தக் காலைத்தான் அளந்தார்கள். இருத்தி, நீட்டச் சொல்லி, மறுபடி நீட்டச் சொல்லி, இரண்டு பேர் மாறி மாறி அளந்தார்கள். கடைசியில் அந்த அதிகாரி தன் சொந்தப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "வருந்துகிறேன் மகள். உன் கால் பெடலுக்கு எட்டாது."

வெளியே வந்து அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அப்பா என் காலை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "உது என்ர கால்தான்," என்றார் குற்றவாளிபோல. "எங்கட பரம்பரைக்கே இவ்வளவுதான்."

அம்மாவுக்குப் போன் எடுத்தோம். விசயத்தைச் சொன்னோம். அந்தப் பக்கம் ஒரு குளறல்: "ஐயோ! காலுக்கு நான் நேர்த்தி வைக்கேல்லையே!"

அப்பா சிரிக்கத் தொடங்கினார். முகாம் வாசலில், காவல்காரர் திரும்பிப் பார்க்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீர் காயாமலே. கண்ணைக் கசக்கியும் கொண்டேன். அப்போது கசக்கலாம்.

பிறகு நான் தாதியாகப் படித்தேன். இப்போது வேலை நெடுந்தீவில். கடல் அடிக்கிற நாளில் ஹெலி வந்தால், நோயாளியோடு மைதானத்தில் நிற்பது நான்தான். வானத்தில் புள்ளியாக வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்பவர்கள் "எங்கை, எங்கை?" என்பார்கள். அந்த நெடுந்தீவுக்காரியின் தாயை ஒருமுறை ஏற்றி அனுப்பினேன். ஓட்டவில்லை, ஏற்றிவிட்டேன். சொன்ன சொல்லில் பாதி.

அக்காவின் மகள், ஹெலியில் போய்ப் பிறந்தவள், தானும் ஹெலி ஓட்டப் போகிறாளாம். அவளுக்குப் பள்ளிக்கூட ஓட்டப்போட்டி வந்தாலே அம்மா நயினாதீவுக்குக் கொண்டுபோவது கண்மலர் இல்லை, தலையிலிருந்து கால்வரை உள்ள முழு வெள்ளி ஆள். "துண்டு துண்டாக் குடுத்துப் பட்டது காணும்" என்கிறார். அப்பாவோ ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளைக் கதிரையில் இருத்தி, தையல் நாடாவை எடுத்துக் காலை அளக்கிறார்.

"பெடலுக்குக் காணுமோ அம்மப்பா?"

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

"அப்ப கண்?"

"கண்ணைப் பற்றி யோசியாதை," என்கிறார் அப்பா. "தவமணி மாமி இருக்கிறா, ஊதிவிடுவா."